பிரியாணி நல்லிணக்கமும் கொஞ்சம் பரபக்கமும்

"எல்லா மதமும் ஒண்ணுதான் சார் சொல்லுது. நாமதான் அடிச்சுக்கறோம்."

இந்த வசனத்தை யாராவது ஆரம்பிச்சாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பிச்சிடும். சொல்றவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் ரொம்ப நல்லவராத்தான் இருப்பார். ஆனா இந்த வாக்கியம் இருக்கே, அது ஒரு பூட்டு. இதைச் சொன்ன அடுத்த நிமிஷம் பேச்சு நின்னுடும். எல்லாரும் தலையாட்டுவாங்க, டீ வரும், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிடும்.

எல்லா மதமும் ஒண்ணுதான் சொல்லுதா? எங்கே சொல்லுது? மறுபிறவி உண்டுங்குது ஒண்ணு, ஒரே பிறவிதான், அப்புறம் தீர்ப்பு நாள்ங்குது இன்னொண்ணு. கடவுளுக்கு உருவமே கற்பிக்காதேங்குது ஒண்ணு, உருவத்துக்குத் தினம் பாலும் தேனும் ஊத்தி அலங்காரம் பண்ணுங்குது இன்னொண்ணு. கடவுள் மனுஷனா வந்து சிலுவையில மாண்டார்ங்கறது ஒருத்தருக்கு உயிர்மூச்சு. கடவுளுக்குப் பிள்ளைன்னு சொல்றதே தப்புங்கறது இன்னொருத்தருக்கு உயிர்மூச்சு. புத்தரைக் கேட்டா படைச்சவன் ஒருத்தன் வேணும்னே அவசியம் இல்லைன்னுடுவார். இதெல்லாம் ஒண்ணுன்னா, இட்லியும் இடியாப்பமும் ஒண்ணுதான், ரெண்டும் ஆவியில வேகுதே :-)

"திருடாதே, பொய் சொல்லாதேன்னு எல்லாரும்தானே சொல்றாங்க" என்பீங்க. சரிதான். அதை எங்க ஸ்கூல் பி.டி. மாஸ்டரும் சொன்னார். அதுக்காக மனுஷங்க ரெண்டாயிரம் வருஷமா பட்டினி கிடந்து, மலையேறி, உயிரையும் கொடுக்கலை. அவங்க உயிரைக் கொடுத்தது அந்த வித்தியாசமான பகுதிக்காக. அதைத்தான் நாம் "சில்லறை விஷயம்"னு ஒதுக்கறோம். ஒருத்தரோட உயிர்மூச்சைச் சில்லறைன்னு சொல்லிட்டு அதுக்கு மரியாதைன்னு பேரும் வெச்சுக்கறோம்.

ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு இருந்தேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கங்க.

முதல்ல நம்ம ஊர் நல்லிணக்கம் எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். ஒரு மேடை. காவி ஒருத்தர், வெள்ளை அங்கி ஒருத்தர், தொப்பி ஒருத்தர். நடுவுல அரசியல்வாதி. நாலு பேரும் கையைக் கோத்துத் தூக்கிப் பிடிக்கணும், போட்டோ எடுக்கணும். மூணு பேரும் தலைக்குப் பத்து நிமிஷம் அன்பைப் பத்திப் பேசுவாங்க. ஒருத்தர் பேசறப்போ இன்னொருத்தர் வாட்சைப் பார்ப்பார். கடைசியா பொன்னாடை. இறங்கிப் போனப்புறம் ஒருத்தருக்கு இன்னொருத்தர் நம்பிக்கையைப் பத்தி, மேடை ஏறும்போது எவ்வளவு தெரியுமோ அவ்வளவேதான் தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது பிரியாணி நல்லிணக்கம். இது நம்ம எல்லாருக்கும் பழக்கமானது. ரம்ஜான் வந்தா "பாய், பிரியாணி எங்கே?" கிறிஸ்துமஸ் வந்தா "கேக் எங்கே?" தீபாவளிக்கு முறுக்கு டப்பா அந்தப் பக்கம் போகும். நல்ல பழக்கம்தான், இது கூடாதுன்னு சொல்லலை. ஆனா இதோட நிறுத்திட்டு, "நாங்கள்லாம் தாயா புள்ளையா பழகறோம்"னு மார்தட்டறோம் பாருங்க, அங்கதான் எனக்குச் சிக்கல். என்கூட வேலை பார்த்த இஸ்லாமிய நண்பர் ஒருத்தர் ரிடையர் ஆன அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எத்தனை தேக்சா பிரியாணி இந்த ஆபீசுக்குக் கொண்டு வந்திருப்பேன்னு கணக்கு இல்லை. ஆனா நீங்க ஏன் நோன்பு வைக்கறீங்க, அதுல உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு என்கிட்ட கேட்டவங்க ரெண்டே பேரு. அதுல ஒருத்தர் டாக்டர், சுகருக்காகக் கேட்டார்."

எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார். ஆனா அது சிரிக்கிற விஷயம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பக்கத்து மேஜையில உட்கார்ந்தவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது அவர் வீட்டு மசாலா மட்டும்தான். நாளைக்கு யாராவது ஒருத்தன் வந்து "அவங்க எல்லாம் இப்படித்தான் நம்பறாங்க, நம்மளை ஒழிக்கப் பார்க்கறாங்க"ன்னு கிளப்பி விட்டா, அதை மறுக்க நம்ம கையில என்ன இருக்கு? மசாலாவை வெச்சு வதந்தியை மறுக்க முடியுமா?

இதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். எங்க ஆச்சி பாளையங்கோட்டைக்காரி. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவ. பக்கத்து வீட்டுல ஒரு டீச்சர் அக்கா, கிறிஸ்தவங்க. சாமிக்குப் படைச்சதைச் சாப்பிட மாட்டாங்க. ஆச்சி என்ன செய்வான்னா, சரஸ்வதி பூஜையன்னிக்குச் சுண்டல் தாளிச்சதும், படைக்கிறதுக்கு முன்னாடியே அந்த அக்காவுக்குத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சிடுவா. "இது படைக்காததும்மா, நீ தாராளமா தின்னு"ன்னு சொல்லித்தான் கொடுப்பா. அதோட விட மாட்டா. "ஏன் உங்க சாமி இதை வேண்டாங்காரு?"ன்னு வாசல்ல உட்கார்ந்து கேப்பா. அந்த அக்காவும் சளைக்காம பைபிள்ல இருந்து பதில் சொல்லும். ஆச்சி ஒத்துக்க மாட்டா. "அதெப்படி, சாமி பார்த்தா சுண்டல் கெட்டா போவும்?" அக்காவும் ஒத்துக்காது. அடுத்த வருஷமும் கிண்ணம் தனியாத்தான் போகும்.

ஆச்சி ஒரு நாளும் "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னதில்லை. ஒண்ணு இல்லைன்னு தெரிஞ்சதாலதான் கிண்ணத்தைத் தனியா எடுத்து வெச்சா. வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டு, அதைப் பத்திக் கேட்டு, மறுத்தும் பேசிட்டு, அப்புறமும் அதுக்கு இடம் விட்டுக் கொடுத்தா பாருங்க, அதுதான் மரியாதை. மேடையில கையைத் தூக்கறது இல்லை.

இதெல்லாம் புதுசா நான் கண்டுபிடிச்சதில்லை மக்களே. மணிமேகலையோட முதல் காதையிலேயே இருக்கு. புகார்ல இந்திர விழா, இருபத்தெட்டு நாள். யானைப் பிடரியில முரசை ஏத்தி ஊருக்கு அறிவிக்கறாங்க. தோரணம் கட்டுங்க, மணல் பரப்புங்க, கோயில்கள்ல செய்ய வேண்டியதைச் செய்யுங்கன்னு ஒரு பெரிய பட்டியல். அதுல ஒண்ணு: சமயவாதிகளே, பட்டிமண்டபத்துல முறை தெரிஞ்சு ஏறி வாதம் பண்ணுங்க. இன்னொண்ணு: பகையாளியே எதிர்ல வந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போயிடுங்க. ரெண்டும் ஒரே அறிவிப்புல வருது பாருங்க. வாதம் பண்ணாதீங்கன்னு சொல்லலை. வாதம் பண்ணுங்க, கலகம் பண்ணாதீங்க. அவ்வளவுதான்.

அந்தப் பட்டிமண்டபம்ங்கற சொல்லை வெச்சுக்கிட்டு இன்னைக்கு நாம் என்ன பண்றோம்? பொங்கலுக்கு டிவியில "குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் மாமியாரா மருமகளா". என்ன கொடுமை சார் இது.

மணிமேகலை அதே நூல்ல வஞ்சிக்குப் போய், வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதின்னு வரிசையா ஒவ்வொருத்தர்கிட்டயும் "உங்க கொள்கையைச் சொல்லுங்க"ன்னு கேக்கறா. புத்த மதத்துக்காரி. அதுக்காக யார்கிட்டயும் காதைப் பொத்திக்கலை. பூதவாதி கண்ணால பார்க்கறதைத் தவிர எதையும் நம்ப மாட்டேங்கறப்போ, அப்ப உன் அப்பா அம்மா யாருன்னு ஊகிச்சுத்தானே அறியறேன்னு ஒரு போடு போடறா. நக்கல்தான். ஆனா அவன் முழுசாச் சொல்லி முடிச்சப்புறம்தான் அந்த நக்கல்.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்சது சிவஞான சித்தியார். 13ஆம் நூற்றாண்டு, அருணந்தி சிவாச்சாரியார். சைவ சித்தாந்தத்தோட பெரிய நூல். அதுல ரெண்டு பாகம். தன்னோட கொள்கையைச் சொல்றது சுபக்கம். அதுக்கு முன்னாடி வருது பரபக்கம், அதாவது எதிர்க்கட்சிக்காரன் பக்கம். உலகாயதர்ல தொடங்கி, பௌத்தத்துல நாலு பிரிவு, சமணம், ஆசீவகம், மாயாவாதம், பாஞ்சராத்திரம்னு 14 தரப்பு. ஒவ்வொண்ணுக்கும் முதல்ல அவங்க மதம் என்னன்னு அவங்க வாயாலேயே சொல்ற மாதிரி பாட்டு. அது முடிஞ்சப்புறம்தான் மறுப்பு. முன்னூறு பாட்டுக்கு மேல, அத்தனையும் அடுத்தவன் கொள்கைக்காக. இதுக்கப்புறம்தான் தன் கொள்கைக்கே வர்றார்!

அருணந்தி சமரசம் பேசற ஆள் இல்லை. மறுப்புல கிழிச்சுத் தொங்க விடறார். ஆனா எதிராளியோட வாதத்தை அவர் நோஞ்சானாக்கிட்டு அடிக்கலை. சாப்பாடு போட்டு, தெம்பா நிக்க வெச்சு, அப்புறம்தான் கோதாவுல இறங்கறார். இதுல ஒரு வேடிக்கை உண்டு. உலகாயதர்கள் எழுதின நூல்னு தமிழ்ல நம்ம கைக்கு எதுவும் வந்து சேரலை. அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க இன்னைக்கு நாம் போக வேண்டியது, அவங்களை மறுத்தவங்க நூலுக்கு. குண்டலகேசி கதையும் இதேதான். பௌத்தக் காப்பியம், மிஞ்சினது சில பாட்டுங்கதான். அதைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல நிறைய, அதை மறுக்கவே எழுதின சமண நூலான நீலகேசியும் அதோட உரையும் சொல்லித்தான். எதிரியே காப்பாத்திக் கொடுத்திருக்கான்! இன்னைக்கு நம்மள்ல யாராவது எதிர்த்தரப்பைப் பத்தி எழுதினதை வெச்சு, ஆயிரம் வருஷம் கழிச்சு ஒருத்தன் அந்தத் தரப்பு என்ன சொல்லுச்சுன்னு புரிஞ்சுக்க முடியுமா? அவனுக்குக் கிடைக்கப் போறது நம்ம வசவு மட்டும்தான்.

இங்க ஒருத்தர் எழுந்து "ஓய், ரொம்பப் பழம்பெருமை ஜல்லியடிக்காதீர். சமணரைக் கழுவேத்தின கதையும் இதே ஊர்தானே?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரியபுராணத்துல பாடினது. மதுரையில அனல் வாதம், புனல் வாதம். ஏட்டை நெருப்புல போட்டும், வைகையில விட்டும் பார்க்கறாங்க. தோத்த எண்ணாயிரம் சமணர் கழுவேறினாங்கன்னு கதை. நடந்ததா இல்லையான்னு ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்காங்க. எனக்குச் சம்பவத்தை விட, அதைப் பெருமையாச் சொல்ல முடிஞ்சதுதான் உறுத்தல். நடக்காட்டியும் நடந்திருக்கணும்னு ஒரு ஆசை அதுல இருக்கு.

ஆனா கவனிங்க. அந்தக் கதையில வாதம்னு பேர்தானே தவிர, வாதமே கிடையாது. யாரும் யார் கொள்கையையும் எடுத்துச் சொல்லலை, மறுக்கலை. ஏடு வேகுதா, ஏடு நீச்சலடிக்குதா, அவ்வளவுதான் கேள்வி. பக்கத்துல ராஜா, கையில தண்டனை. தோத்தவன் உயிர் போகும்னா அது உரையாடல் இல்லை, சூதாட்டம். ஆக முதல் நிபந்தனை இதுதான்: தோத்தாலும் வீட்டுக்கு நிம்மதியாப் போகலாம்ங்கற உறுதி ரெண்டு தரப்புக்கும் வேணும். ஒரு தரப்புக்கு மட்டும் அந்த உறுதி இருந்தா, இன்னொரு தரப்பு புன்னகையோட தலையாட்டிட்டுப் போயிடும். அந்தத் தலையாட்டலைப் பார்த்து நாம் "எவ்வளவு ஒற்றுமை"ன்னு பூரிச்சுப் போவோம்.

சரி, தமிழங்களுக்கு வெளியில இருந்து வந்த ஒருத்தரைப் பார்ப்போம். 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கின சீகன்பால்கு. ஜெர்மன்காரர், மதம் மாத்தறதுக்குன்னே வந்தவர். அதுல ஒளிவு மறைவு இல்லை. சின்னப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சார். அப்புறம் ஊர்ப் பெரியவங்களுக்குக் கேள்வியா எழுதி அனுப்ப ஆரம்பிச்சார். உங்க சாமி யாரு, சடங்கு என்ன, எங்க மதத்தைப் பத்தி என்ன நினைக்கறீங்க? பதிலும் வந்தது. "உங்க ஆளுங்க குடிக்கறாங்க, மாட்டைத் தின்னறாங்க, சுத்தம் கிடையாது, இதுல எங்களைத் திருத்த வர்றீங்களா"ங்கற ரேஞ்சுல காரசாரமான பதில்கள். அந்தக் கடிதங்களை ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். அங்க அச்சும் ஆச்சு.

1713ல நம்ம ஊர்த் தெய்வங்களைப் பத்தி ஒரு பெரிய நூலே எழுதினார். சிவன், விஷ்ணுல இருந்து ஊர்க் காவல் தெய்வங்கள் வரைக்கும். அச்சுப் போடச் சொல்லி ஜெர்மனிக்கு அனுப்பினா, அவருக்கு ஆதரவா இருந்த பிராங்கே மறுத்துட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவுல பரப்பறதுக்கு இல்லைங்கற கணக்கு. சீகன்பால்கு 1719ல செத்துப் போனார், 36 வயசு. அந்த நூல் அச்சேறினது 1867ல, சென்னையில. 154 வருஷம்!

இதுல இருக்கற பாடம் கசப்பானது. எதிராளியை உண்மையாப் புரிஞ்சுக்க முயற்சி பண்ணா முதல் அடி எதிராளிகிட்ட இருந்து வராது. சொந்தக்காரன்கிட்ட இருந்துதான் வரும். "அவன் பக்கம் சாஞ்சுட்டான்யா", "காசு வாங்கிட்டான்யா"ன்னு. உரையாடலுக்கு வேணுங்கற தைரியம் அந்தப் பக்கம் போறதுக்கு இல்லைங்க. போயிட்டுத் திரும்பி நம்ம வீட்டுக்குள்ள நுழையறதுக்குத்தான்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) இதே நாணயத்தோட மறுபக்கம். அவரோட சாதிப் பார்வை எனக்கு அறவே ஒத்து வராது. அது தனிச் சண்டை. ஆனா பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கின வேலையில வருஷக்கணக்கா உட்கார்ந்து உழைச்சவர் இந்த மனுஷன், நெத்தியில திருநீறோட. பேர்சிவலும் அழிச்சுட்டு வான்னு சொல்லலை. பிற்பாடு 1854ல சைவத்தைத் தாக்கினவங்களுக்குப் பதிலா 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினப்போ, நாவலர் எடுத்த ஆயுதமே பைபிள்தான். உங்க பழைய ஏற்பாட்டுல பலி இருக்கு, தூபம் இருக்கு, விளக்கு இருக்கு, அப்புறம் எங்களை ஏன் கேலி பண்றீங்கன்னு பக்கம் பக்கமா எடுத்துக் காட்டினார். சூடான எழுத்துதான். ஆனா எதிராளி வேதத்தை எழுத்துக்கு எழுத்து படிச்சவனோட சூடு அது. அரைப்பக்கம் கூடப் படிக்காம வர்ற சூடு வேற. அது வெறும் ஜுரம்.

அதே இலங்கையில, 1873 ஆகஸ்ட் 26, 28. பாணந்துறையில பௌத்தத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நேருக்கு நேர் வாதம். அந்தப் பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், இந்தப் பக்கம் டேவிட் டி சில்வா பாதிரியார். ஆளுக்கு ஒரு மணி நேரம்னு முறை வெச்சுப் பேசினாங்க. ஆயிரக்கணக்குல கூட்டம். ரெண்டு பக்கமும் வார்த்தையில கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்கலை. கூட்டம் கைகலப்பில்லாம கலைஞ்சு வீட்டுக்குப் போச்சு. அந்த வாதத்தோட ஆங்கில அறிக்கையைப் படிச்சுத்தான் அமெரிக்காவுல இருந்த ஆல்காட்டுக்கு ஆர்வம் வந்து, 1880ல இலங்கைக்கே வந்து சேர்ந்தார்.

இத்தோட நிறுத்தினா எனக்குச் சௌகரியம். ஆனா பத்து வருஷம் கழிச்சு, 1883 ஈஸ்டர் அன்னிக்கு, கொழும்பு கொட்டாஞ்சேனையில, அதே குணானந்தரோட விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் பெரிய கலவரம். ஊர்வலத்துல தங்கள் சாமியைக் கேவலப்படுத்தப் போறாங்கன்னு வதந்தி பரவியிருந்தது. "பார்த்தீரா, வாதம் பண்ணா கடைசியில கலவரம்தான்"னு நீங்க சொல்லலாம். நான் வேற மாதிரி படிக்கிறேன். பாணந்துறையில மேடை இருந்தது, நேரம் குறிச்சிருந்தது, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட விதி இருந்தது, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் நின்னான். கொட்டாஞ்சேனையில தெருவும் கூட்டமும் வதந்தியும் மட்டும்தான் இருந்தது. கேள்வியை நேர்ல கேட்ட இடத்துல ரத்தம் சிந்தலை. நேர்ல கேக்காத இடத்துலதான் சிந்துச்சு. வாதம் அமைதிக்கு உத்தரவாதம் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா வாதமே இல்லாத அமைதி வதந்தி வர்ற வரைக்கும்தான் தாங்கும்.

நம்ம பக்கத்து உதாரணம் வேணுமா? மண்டைக்காடு, 1982. மாசிக் கொடை சமயம். கடற்கரைக் கத்தோலிக்கர்களும் இந்துக்களும் தலைமுறை தலைமுறையா பக்கத்துப் பக்கத்துல இருந்த ஊருங்க. மோதல், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போச்சு. அதுக்கு முன்னாடியும் அங்க மீன் வித்தாங்க, தேங்காய் வித்தாங்க, கொடுக்கல் வாங்கல் எல்லாம் இருந்ததுதான். அதெல்லாம் அன்னிக்குக் கைகொடுக்கலை.

அங்க அமைதிக்காகப் பாடுபட்டவங்கள்ல முக்கியமானவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடாதிபதி. இவரும் பெரியாரும் எப்படி இருந்தாங்கன்னு பாருங்க. ஒருத்தர் கடவுள் இல்லைன்னு ஊர் ஊரா முழங்கினவர், இன்னொருத்தர் திருமுறை ஓதற மடத்தோட தலைவர். கொள்கையில மேடை போட்டு மோதிக்கிட்டவங்க. பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனப்போ திருநீறு கொடுத்தாங்க, மறுக்காம ஏத்துக்கிட்டார். அதுக்காக அவர் ஆத்திகர் ஆயிடலை, அடிகளாரும் அவரைத் தன் பக்கம் இழுத்துட்டோம்னு தம்பட்டம் அடிக்கலை. ராஜாஜி விஷயமும் அப்படித்தான். ரொம்பக் காலம் எதிரெதிர் அரசியல். 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்போ, தொண்ணூறு தாண்டின பெரியார் சக்கர நாற்காலியில மயானத்துக்கு வந்து குலுங்கி அழுதார். ரெண்டு பேரும் ஒரு நாளாவது "நாம ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான்"னு சொல்லியிருப்பாங்களா? சொன்னா ரெண்டு பேருமே கோவிச்சுக்குவாங்க :-)

"இதெல்லாம் பெரிய மனுஷங்க கதை. பேசி எவனாவது மனம் புண்பட்டான்னா சட்டம் பார்த்துக்கும், நமக்கேன்?"ங்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1924ல லாகூர்ல நபிகளைக் கேவலமா எழுதின ஒரு சின்னப் புத்தகம் வெளியாச்சு. வழக்கு இழுத்து, 1927ல பதிப்பாளர் விடுதலை. கொந்தளிப்பு. அதே வருஷம் மத உணர்வைப் புண்படுத்தறதுக்குன்னே புதுச் சட்டப்பிரிவு வந்தது, 295ஏ. வந்து என்ன? 1929ல அந்தப் பதிப்பாளரைக் கடையிலேயே குத்திக் கொன்னாங்க. அந்தப் பிரிவு 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 299ன்னு நம்பர் மாறி இன்னும் இருக்கு. சட்டத்தால ஒரு வாயை மூட முடியும். ஒரு காதைத் திறக்க முடியாது. அது நாம் செய்ய வேண்டிய வேலை.

சரி, என்ன செய்யணுங்கறே? என் பட்டியல் இது. ஒத்துவராதவங்க மறுக்கலாம், பரபக்க முறைப்படி :-)

1. அடுத்தவர் கொள்கையை மறுக்கறதுக்கு முன்னாடி, "ஆமா, நான் சொல்றது இதைத்தான்"னு அவரே தலையாட்டற மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டணும். முடியலைன்னா இன்னும் கேக்க வேண்டிய நேரம், பேச வேண்டிய நேரம் இல்லை.

2. நம்ம ஆள்ல சித்தரையும் அவங்க ஆள்ல எத்தரையும் பக்கத்துல நிறுத்தி எடை போடக் கூடாது. நூலுக்கு நூல், நடப்புக்கு நடப்பு. நம்ம வேதத்தையும் அவங்க ரவுடியையும் ஒப்பிட்டா நாம்தான் எப்பவும் ஜெயிப்போம். அது ஜெயிப்பே இல்லை.

3. தெருமுனை டெய்லர் பாய்கிட்ட காபூலுக்குக் கணக்கு கேக்கக் கூடாது. ஒரு ஆள் ஒரு ஆள்தான். உலகத்துல இருக்கற அவர் மதத்துக்காரங்க அத்தனை பேருக்கும் அவர் ஜாமீன் இல்லை. ஊர்ல ஒரே ஒரு வீடா இருக்கறவங்ககிட்ட இதைக் கேக்கறது கேள்வியே இல்லை, மிரட்டல்.

4. ஒருத்தர் தன் மதத்துல இருக்கற குறையைத் தானே நேர்மையாச் சொன்னா, அதை எடுத்து அவரையே அடிக்கக் கூடாது. அடிச்சா அப்புறம் எந்தப் பக்கத்துலயும் எவனும் உண்மை பேச மாட்டான்.

5. நாத்திக நண்பர்களே, இது உங்களுக்கும்தான். "எல்லாம் மூடத்தனம்"ங்கறதும் ஒரு பூட்டுதான், "எல்லாம் ஒண்ணு"ங்கற மாதிரியே. அருணந்தி உலகாயதருக்குக் கொடுத்த இடத்தை நீங்க அருணந்திக்குக் கொடுக்கணும்.

6. பேச்சு முடிஞ்சு யாரும் மாறியிருக்க மாட்டாங்க. பரவாயில்லை. மாத்தறதுக்குன்னு உட்கார்ந்தா அது வியாபாரம். தெரிஞ்சுக்கறதுக்கு உட்கார்ந்தா, அடுத்த வதந்தி தெருவுக்குள்ள வர்றப்போ "இல்லய்யா, எனக்குத் தெரியும், அவங்க அப்படி நம்பறதில்லை"ன்னு சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. அந்த நாலு பேர் இருக்கற தெருவும் இல்லாத தெருவும் ஒண்ணில்லை.

இது சாமியார்களும் பாதிரியார்களும் இமாம்களும் மேடையில செஞ்சு முடிக்கிற வேலை இல்லை. அவங்க போட்டோ எடுத்துட்டுப் போகட்டும். இது திண்ணையிலயும், மாடிப்படியிலயும், ஆபீஸ் கேன்டீன்லயும் நடக்க வேண்டிய வேலை. அடுத்த ரம்ஜானுக்குப் பிரியாணி கேளுங்க, தப்பே இல்லை. கேட்டுட்டு, கையைக் கழுவிட்டு, ஒரு அரை மணி நேரம் கூட உட்காருங்க. நோன்புன்னா என்னன்னு கேளுங்க. பதில் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னும் சொல்லுங்க. அவரும் உங்ககிட்ட கல்லுக்கு ஏன்யா பால் ஊத்தறீங்கன்னு கேப்பார். கோபப்படாம பதில் சொல்லத் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா, நம்ம வீட்டுப் புத்தகத்தையும் நாம் இன்னும் திறக்கலைன்னு அர்த்தம்.

பி.கு: சைவம், வைணவம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம், நாத்திகம் எல்லாத்தையும் தொட்டாச்சு. ஆட்டோ அனுப்பறவங்க வரிசையில வரவும். உட்கார இடமும் காபியும் உண்டு. ஆனா முதல்ல நான் என்ன சொல்லியிருக்கேன்னு திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் அடிங்க :-)